காவல்காரனுக்குக் காது கிடையாதாம்

"வாள் எடுத்து முன்னாடி நின்னு அடிக்கிற ஆளா ஆடணும். எந்த கிளாஸ் எடுக்கலாம்?"

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் புதிதாக உட்காருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது. பதில் நொடியில் வந்துவிடும். "பலாடின் எடு. டேமேஜ் அள்ளும்." அவர் கொஞ்சம் இழுத்து, "ஃபைட்டர் எடுத்தா?" என்று கேட்டால் மேசையைச் சுற்றி ஓர் இரக்கச் சிரிப்பு எழும். "ஃபைட்டரா? நான் அடிக்கிறேன், மறுபடியும் அடிக்கிறேன், அவ்ளோதான். முதல்முறை ஆடுறவங்களுக்கு ஓகே."

இந்தப் பதில்மேல் எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. அதை ஒருமுறை முழுதாக எழுதித் தீர்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

ஆடாதவர்களுக்காக ஒரு பத்தி. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து கதை சொல்லும் விளையாட்டு இது. ஒருவர் டன்ஜன் மாஸ்டர். உலகத்தையும் எதிரிகளையும் அவர் நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம். சந்தேகமான காரியம் எதையும் இருபது பக்கப் பகடை முடிவுசெய்யும். கிளாஸ் என்பது உங்கள் கதாபாத்திரத்தின் தொழில் என்று வைத்துக்கொள்ளலாம். மந்திரம் படித்த விஸார்ட், சத்தியத்தால் சக்தி பெற்ற பலாடின், வெறியேறிச் சண்டையிடும் பார்பேரியன், நிழலிலிருந்து குத்தும் ரோக். மந்திரமும் கடவுளும் வெறியும் இல்லாமல், பழகிய கையை மட்டும் நம்பி நிற்கிறவர் ஃபைட்டர்.

எதிரியின் கைக்கெட்டும் தூரத்துக்குப் போய்ச் சண்டை போடும் ஒருவருக்கு கிளாஸ் தேர்வது என்றால், அவர் எதற்காக அவ்வளவு கிட்டப் போகிறார், அங்கே தன்னிடமிருந்து எதைச் செலவழிக்கிறார் என்று முடிவுசெய்வது. டேமேஜ் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம். நம் ஆட்கள் கணக்கிலேயே ஆரம்பித்துக் கணக்கிலேயே முடிக்கிறார்கள். அந்தக் கணக்கும் தப்பு என்பதுதான் பெரிய வேடிக்கை.

*

முதலில் "ஆரம்பநிலை ஆட்களுக்கானது" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் முதல் விதிநூல்களை வெளியிட்டபோது மொத்தம் மூன்றே கிளாஸ். ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக். அதற்கு மூன்று வருடம் முன்பு வந்த 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டு விதிகளிலிருந்து பிறந்தது அந்த ஆட்டம். அதனால் ஃபைட்டிங் மேனுக்கு அதில் மரியாதை இருந்தது. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பட்டம் உண்டு. அவருடைய முதல் லெவல் பட்டம் என்ன தெரியுமா? வெட்டரன். அதாவது ஏற்கெனவே களம் கண்டு வந்தவர். நான்காவது லெவலில் ஹீரோ, எட்டாவதில் சூப்பர் ஹீரோ, ஒன்பதாவதில் லார்ட். லார்ட் ஆனால் கோட்டை கட்டலாம், சுற்றியுள்ள நிலத்தை ஆளலாம். மந்திர வாள்களை ஏந்தும் உரிமையும் அவருக்கு மட்டுமே இருந்தது. மேஜிக் யூசர் கடைசியில் உலகையே புரட்டிப்போடுவார், சரி. ஆனால் அதே உலகத்தில் ஃபைட்டருக்கு ஓர் ஊரும் படையும் பொறுப்பும் இருந்தன.

1975இல் 'கிரேஹாக்' என்ற துணைநூல் வந்தது. தீஃப், பலாடின் இரண்டும் அதில்தான் அறிமுகம். தீஃபுக்குச் சுவரேறுவது, மறைவது, கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்பது என்று எண் கணக்கில் திறமைகள் எழுதப்பட்டன. யார் வேண்டுமானாலும் முயன்று பார்த்த காரியங்கள் அவை. ஒருவர் தாளில் எண்ணாக எழுதப்பட்டதும், மற்றவர் தாளில் அது இல்லாத காரியமாக மாறத் தொடங்கியது.

அந்தச் சரிவின் அடிமட்டம் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு. 2003இல் அதைத் திருத்தி வெளியிட்டபோதும் இது மாறவில்லை. ஃபைட்டரின் சொந்தத் திறன் பட்டியலைப் பாருங்கள். ஏறுவது, குதிப்பது, நீந்துவது, குதிரையேற்றம், விலங்குகளைப் பழக்குவது, கைத்தொழில். திருத்தியபோது மிரட்டுவதையும் சேர்த்தார்கள். கவனித்துப் பார்ப்பதும் காதுகொடுத்துக் கேட்பதும் அதில் இல்லை! வேண்டுமென்றால் இரண்டு மடங்கு விலை கொடுத்துப் பாதி அளவுக்கு வாங்கிக்கொள்ளலாம். ஊர்வாசலில் இருபது வருடம் காவல் நின்றவனுக்குக் கண்ணும் காதும் அவன் தொழிலில் சேர்த்தி இல்லை என்று ஒரு விதிநூல் அச்சிட்டுச் சொன்னது. அதைப் படித்தவர்கள் "ஃபைட்டருக்குச் சண்டை தவிர ஒண்ணும் தெரியாது" என்று தீர்ப்பு எழுதினார்கள். காதை அறுத்துவிட்டு, கேட்கத் தெரியாதவன் என்று கேலி பேசுவது என்ன நியாயம்?

இந்தப் பழக்கத்தின் வேர் விளையாட்டுக்கு வெளியே இருக்கிறது என்று நினைக்கிறேன். புத்தகத்தில் படித்தால் அறிவு, கையால் பழகினால் வெறும் பழக்கம் என்ற எண்ணம் நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே ஊட்டப்பட்டதுதானே. விஸார்டின் மந்திரம் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, விளக்கம் உண்டு, அரைப் பக்க விதி உண்டு. ஃபைட்டரின் வாள்வீச்சுக்கு "ஒரு அட்டாக்" என்ற ஒற்றைச் சொல். எதற்குச் சொல் இருக்கிறதோ அதைத்தான் மேசையில் பேச முடியும். பேச முடியாததை ஆடுவது கஷ்டம்.

*

சொல் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. 2006இல் வந்த 'புக் ஆஃப் நைன் ஸ்வார்ட்ஸ்' வாள்காரர்களுக்குப் பெயருள்ள உத்திகளைக் கொடுத்தது. 2008இன் நான்காம் பதிப்பு ஃபைட்டருக்கும் விஸார்டுக்கும் சமமாகச் சக்திகளைப் பங்கிட்டது. உடனே ஒரு கூச்சல். "இது அனிமே மாதிரி இருக்கு." "ஃபைட்டரை விஸார்டா ஆக்கிட்டாங்க." "இதுல யதார்த்தம் இல்ல."

யதார்த்தமாம்! 2014 விதிகளின்படி ஓடிவந்து நீளம் தாண்டினால், உங்கள் பலம் எவ்வளவோ அத்தனை அடி தாண்டலாம். பலம் சாதாரணமாக 20ஐத் தாண்டாது. ஆக, டிராகன்களைக் கொன்ற இருபதாம் லெவல் ஃபைட்டர் தாண்டுவது 20 அடி, சுமார் 6.1 மீட்டர். 'சாம்பியன்' என்ற உட்பிரிவை எடுத்தால் இன்னும் 5 அடி. மைக் பவல் 1991இல் டோக்கியோவில் தாண்டியது 8.95 மீட்டர், 29 அடிக்கும் மேல். கலினா சிஸ்தியகோவா 1988இல் தாண்டியது 7.52 மீட்டர். நிஜத்தில் சோறு தின்று வளர்ந்த மனிதர்களைவிட நம் காவிய நாயகன் குறைவாகத் தாண்டுகிறான். பகடை உருட்டிக் கூடுதலாகக் கேட்கலாம், ஆனால் அது டன்ஜன் மாஸ்டர் மனசு வைத்தால். அதே மேசையில் ஐந்தாம் லெவல் விஸார்ட் ஒரு மந்திரத்தைச் சொல்லிப் பத்து நிமிடம் பறப்பார். அவரிடம் யாரும் யதார்த்தம் கேட்பதில்லை. "மந்திரம்தானே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். யதார்த்தம் என்ற வரியை உடம்பால் உழைக்கிறவர்களிடம் மட்டும் வசூலிக்கிறோம்.

*

இப்போது டேமேஜ் கணக்கு. எதிராளி மைதானத்துக்கே போய் ஆடலாம்.

2014 விதிகள், ஐந்தாம் லெவல், பலம் 18, இரண்டு பேர் கையிலும் இருகைப் பெருவாள், எதிரியின் கவச எண் 15. இரண்டு பேருக்கும் பத்துக்கு ஆறரை அடி விழும். ஓர் அடிக்குச் சராசரி 11. ஒரு சுற்றுக்கு இரண்டு வீச்சு என்றால் எதிர்பார்ப்பு 14.3. இதுவரை சமம். கிரிட்டிகல், ஃபைட்டிங் ஸ்டைல் இவற்றை இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறேன்.

பலாடினிடம் அதற்கு மேல் என்ன இருக்கிறது? முதல்நிலை ஸ்லாட் நான்கு, இரண்டாம்நிலை ஸ்லாட் இரண்டு. எல்லாவற்றையும் ஸ்மைட்டாக எரித்தால் ஒரு நாளைக்குச் சராசரி 63 கூடுதல் டேமேஜ். அடி விழுந்த பிறகே எரிக்கலாம் என்பதால் வீணாவதும் இல்லை. 'பேட்டில் மாஸ்டர்' ஃபைட்டரிடம் எட்டுப் பக்கப் பகடைகள் நான்கு, சராசரி 18. ஆக்‌ஷன் சர்ஜ் வழியாக இன்னொரு முறை இரண்டு வீச்சு, 14.3. மொத்தம் 32.3.

பாத்தியா, 63க்கு 32தான், பாதி! இதைத்தான் மேசையில் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. பலாடினின் 63 ஒரு முழு இரவு தூங்கி எழுந்தால்தான் திரும்ப வரும். ஃபைட்டரின் 32.3 ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூச்சுவாங்கினாலே திரும்பிவிடும். நடுவில் ஒரு சிறு ஓய்வு எடுத்தால் ஃபைட்டர் 64.6. இரண்டு எடுத்தால் 96.9. அந்தப் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேடு ஒரு சாகச நாளுக்கு ஆறு முதல் எட்டு மோதல், இரண்டு சிறு ஓய்வு என்றுதான் கணக்கு வைத்திருந்தது.

அப்படியென்றால் "எது பலம்?" என்ற கேள்விக்குப் பதில் கிளாஸில் இல்லை. உங்கள் மேசையின் நாள் எப்படி நகர்கிறது என்பதில் இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணி நேரம் கூடி, ஒரே ஒரு பெரிய சண்டை போட்டுவிட்டுக் கலையும் மேசையில் பலாடின் ராஜா. இருட்டுக் குகைக்குள் அறை அறையாக நகரும் மேசையில் மூன்றாவது அறையிலேயே அவர் வெறும் வாள்காரர். 2024இல் வந்த புதிய கையேடு ஸ்மைட்டை ஒரு சுற்றுக்கு ஒருமுறை என்று கட்டிப்போட்டுவிட்டது. அறிவுரை மட்டும் பழையபடியே ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு ஓட்டை. பேட்டில் மாஸ்டருக்கு 'கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்' என்று ஓர் உத்தி உண்டு. தன் வீச்சுகளில் ஒன்றை விட்டுக்கொடுத்து, தோழரைப் பார்த்து "இப்ப அடி!" என்று கத்துவது. அந்தத் தோழர் ஐந்தாம் லெவல் ரோக் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான இடத்தில் நின்றால் குத்து வாள், பதுங்கித் தாக்கும் பகடைகள், ஃபைட்டர் கொடுத்த பகடை எல்லாம் சேர்ந்து சராசரி 23.5. ஃபைட்டர் விட்டுக்கொடுத்தது 11. களத்தைப் படித்து, சரியான கணத்தில், சரியான ஆளுக்குச் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லின் பலன் கணக்குப் பட்டியலில் ரோக் பெயரில் ஏறும். ஃபைட்டர் பக்கத்தில் பூஜ்யம். பக்கத்தில் நிற்பவர் மேல் விழ இருந்த அடியைக் கேடயத்தால் தடுத்தால் அதற்கும் பூஜ்யம்தான். விழாத அடியை யார் எண்ணுகிறார்கள்?

*

சரி, எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? அவள் ஏன் கிட்டப் போகிறாள் என்று கேளுங்கள்.

பார்பேரியன் போகிறாள், வலி பாதியாகக் குறைந்துவிடுவதால். வெறியேறிய நிலையில் வெட்டும் குத்தும் அவளுக்குப் பாதிதான் உறைக்கும். ஆனால் 2014 விதிப்படி ஒரு சுற்று யாரையும் அடிக்காமலும் அடி வாங்காமலும் இருந்தால் வெறி அடங்கிவிடும். நிற்க முடியாதவள் அவள். பலாடின் போகிறாள், சொன்ன சொல் இழுப்பதால். ரோக் திரும்பி வருவதற்காகவே போகிறாள். குத்திவிட்டு நழுவுவதற்கு அவளிடம் தனி வழி இருக்கிறது. ஃபைட்டர் போகிறாள், அது அவள் வேலை என்பதால். வேலைக்குப் போகிறவளிடம் சோர்வு இருக்கும், திறமைப் பெருமை இருக்கும், சம்பளக் கணக்கு இருக்கும், கூட நிற்பவர்மேல் ஒரு கண் இருக்கும். கதை எழுத ஆசைப்படுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பீமனை எந்தக் கிளாஸில் போடுவது என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் "பார்பேரியன்" என்பார்கள். பெரிய உடம்பு, பெரிய கோபம், முடிந்தது. ஆனால் அவன் துரோணரிடமும் பலராமரிடமும் முறையாகக் கதாயுதம் பயின்றவன். அப்படிப் பார்த்தால் ஃபைட்டர். விராடன் அரண்மனையில் ஒரு வருடம் சமையல்காரனாக யாருக்கும் சந்தேகம் வராமல் வேலை செய்தவன். சண்டைக்கு வெளியேயும் அவனுக்கு ஒரு கைத்தொழில் இருந்தது. சபையில் துரியோதனன் தொடையைப் பிளப்பேன் என்று சபதம் செய்துவிட்டு, அதற்காகவே பதினெட்டு நாள் போரின் கடைசிவரை போகிறான். அப்படிப் பார்த்தால் பழிவாங்கும் சத்தியம் ஏற்ற பலாடின். திரௌபதியம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் அடி விழும்போது கூட்டம் காத்திருப்பது அந்தச் சபதத்துக்காகத்தான். உடம்பு ஒன்றுதான். நீங்கள் அவனிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பதில் கிளாஸ் மாறுகிறது.

பார்பேரியன் என்ற கிளாஸுக்கே மூதாதை என்று சொல்லப்படும் கோனனையும் பாருங்கள். ராபர்ட் இ. ஹோவர்ட் 1932இல் எழுதி வெளியான முதல் கதையில் கோனன் ஏற்கெனவே அரசன். எழுத்தாணியும் கையுமாக, வரைபடத்தில் விடுபட்டுப்போன வடநாடுகளை நிரப்பிக்கொண்டிருக்கிறான். பல மொழி பேசுவான், படை நடத்துவான். வெறியேறிப் பல்லைக் கடிப்பவனாக அவனைச் சுருக்கியது பின்னால் வந்தவர்களின் வேலை.

எங்கள் மேசைக்கு ஒரு தோழி முதன்முதலாக ஆட வந்தாள். அவள் எழுதிக்கொண்டுவந்தது ஐம்பத்தைந்து வயதுக் காவல்காரி ஒருத்தியை. கோட்டைவாசலில் முப்பது வருடம் நின்றவள். வண்டிச் சக்கரத்தின் சத்தத்தை வைத்தே அடியில் கள்ள அறை இருக்கிறதா என்று சொல்லிவிடுவாளாம். கிளாஸ், ஃபைட்டர். மூத்த ஆட்டக்காரர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்படி வேஸ்ட் பண்றே? பலாடின் போடு" என்றார். அடுத்த வாரம் பலாடினோடு வந்தாள். எந்தத் தெய்வம் என்று கேட்டதற்கு, "ஏதோ ஒண்ணு போட்டிருக்கேன்" என்றாள். டேமேஜ் அள்ளியது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சக்கரச் சத்தத்தை அதற்கப்புறம் எங்கள் மேசையில் யாரும் கேட்கவே இல்லை. ஒரு நல்ல அறிவுரையின் விலை இது. எந்தக் கணக்குப் பட்டியலிலும் இதற்குக் கட்டம் கிடையாது.

முன்வரிசையில் யார் நிற்கலாம் என்பதற்கும் இந்த விளையாட்டில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1978இல் வந்த விதிநூல் 'மேன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஃபைட்டர்' என்று வைத்தது. அதே நூல், ஃபைட்டர்களுக்கென்றே இருந்த சிறப்புப் பலக் கணக்கில் மனித ஆணுக்கு உச்சம் வரை அனுமதித்து, மனிதப் பெண்ணைப் பாதியில் நிறுத்தியது. அந்தத் தடை போக 1989 வரை, அதாவது இரண்டாம் பதிப்பு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது யாரும் அப்படி விதி எழுதுவதில்லை. "உனக்கு இது செட் ஆகாது, அதை எடு" என்று மேசையில் ஒருவர் இன்னொருவர் கதாபாத்திரத்தை மாற்றும்போது, எழுதப்படாத விதி ஒன்று வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

*

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. வாளை உறையில் போட்டபிறகு ஃபைட்டருக்கு விதிகளில் கிடைப்பது குறைவுதான். 2014 பதிப்பில் ரொம்பவே குறைவு. 2024 பதிப்பு கொஞ்சம் ஈடுசெய்திருக்கிறது: தோற்றுப்போன திறன் பகடைக்கு, மூச்சைப் பிடித்து மீளும் அதே சக்தியைச் செலவழித்து ஒரு பத்துப் பக்கப் பகடையைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படியும் தோற்றால் செலவு இல்லை. நல்ல விதி, ஆனால் போதாது. இந்தக் குறை விதி எழுதியவர்களுடையது. அதை ஃபைட்டர் எடுப்பவரின் ரசனைக் குறைவாக மாற்றிச் சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். டி அண்ட் டி பியாண்ட் தளத்தின் புள்ளிவிவரங்கள் வெளியானபோதெல்லாம் அதிகம் பேர் உருவாக்கிய கிளாஸாக ஃபைட்டர் முன்னால் நின்றது. அத்தனை பேரும் விவரம் தெரியாதவர்களா?

பலாடின் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சத்தியம் என்றால் என்ன, அதை மீறும் நாள் வந்தால் அவள் என்ன செய்வாள் என்று உங்களுக்கு ஆசையாக இருந்தால், தாராளமாக எடுங்கள். ஸ்மைட் 63 என்பதற்காக எடுத்தால் மூன்றாவது வாரம் சலிக்கும்.

முதல் சந்திப்பிலேயே உங்கள் டன்ஜன் மாஸ்டரிடம் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை சண்டை வைப்பீங்க, நடுவில் ஓய்வு கிடைக்குமா? அதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது. பிறகு உங்கள் கதாபாத்திரத்துக்குச் சண்டைக்கு வெளியே தெரிந்த மூன்று விஷயங்களை எழுதி அவர் கையில் கொடுங்கள். செருப்புத் தேய்மானம் பார்த்து ஆளைச் சொல்வாள், காய்ச்சலை மணத்திலேயே கண்டுபிடிப்பாள், எந்தச் சத்திரத்தில் ஒற்றர்கள் தங்குவார்கள் என்று அறிவாள், ஏதாவது. விதிநூல் கொடுக்காத காதை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். டன்ஜன் மாஸ்டர்களுக்கும் ஒரு சொல்: விஸார்டிடம் "என்ன மந்திரம்?" என்று ஆர்வமாகக் கேட்கிறீர்களே, அதே குரலில் ஃபைட்டரிடம் "எப்படி அடிக்கிறாய், என்ன பார்க்கிறாய்?" என்றும் கேளுங்கள். ஐந்து நொடிதான் ஆகும்.

அடுத்தமுறை புதிதாக ஒருவர் வந்து, வாள் எடுத்து முன்னால் நிற்க எந்தக் கிளாஸ் நல்லது என்று கேட்டால், தயவுசெய்து உடனே பெயர் சொல்லாதீர்கள். "யார் முன்னாடி நிக்கப் போறே? யாருக்காக?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்துவிட்டால், கிளாஸை அவரே கண்டுபிடித்துவிடுவார்.